பெயர் சொல்லாமல் சொன்னது

அக்காவின் அறையில் டிஷ்யூ பெட்டி மேசைமேல் இருக்காது. கீழ் இழுப்பறையில், ஸ்டேப்ளருக்குப் பக்கத்தில் கிடக்கும். பள்ளிக்கூட ஆலோசகர் அறை என்றால் முதலில் கண்ணில் படுவதே அந்தப் பெட்டிதான். நான் பார்த்த மற்ற அறைகளில் எல்லாம், நாற்காலியை ஒட்டி, ஒரு தாளை வெளியே இழுத்துவிட்டுத் தயாராக வைத்திருப்பார்கள். ஒருமுறை அக்காவிடம் காரணம் கேட்டேன். "பெட்டி எதிர்ல இருந்தா, இங்க வந்தா அழுவணும் போலன்னு பிள்ளைங்க நெனச்சுக்கும் தம்பி. அழ வராத பிள்ளை, நம்ம பிரச்சினை அழுவுற அளவுக்குப் பெரிசு இல்லன்னு எந்திரிச்சுப் போயிடும்," என்றார். அழுகை வந்த பிறகு இழுப்பறையைத் திறந்தால் போதும் என்பது அவர் கணக்கு. இத்தனை நுணுக்கமாகப் பிள்ளைகளை நினைக்கிற ஒருவரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பிறகும் பார்க்கவில்லை என்றே சொல்லிவிடலாம்.

அவர் எனக்கு உறவில்லை. மலேசியாவின் ஈப்போவில் பிறந்து, அங்கே ஆசிரியராக இருந்து, கணவரின் வேலைக்காக நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு வந்து, இங்கே மறுபடியும் படித்து, எப்சம் பகுதியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஆலோசகராக ஆனவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவார். தமிழ்க் கூட்டங்களிலோ விழாக்களிலோ தலைகாட்டும் வழக்கம் கிடையாது. நான் திருச்சியிலிருந்து விசா வாங்கிக்கொண்டு வந்த கணினிக்காரன்; தொலைபேசி நிறுவனம் ஒன்றில் வேலை. எங்கள் இருவரையும் பழக வைத்தது ஒரு மேசை. "இளையோரின் இணைய நலனுக்காக எல்லாத் துறைகளையும் ஒரே மேசைக்குக் கொண்டுவருதல்" என்று அழைப்பு மின்னஞ்சலில் இருந்தது. ஸ்மார்ட் போன் அப்பாக்களின் சட்டைப் பையிலிருந்து பிள்ளைகளின் புத்தகப் பைக்கு இறங்கியிருந்த புதிது. எங்கள் நிறுவனத்தின் சார்பில் யாராவது போக வேண்டும் என்றதும் மேலாளர் என்னைப் பார்த்தார். "உனக்குத்தான் சமூகத்தோடு நல்ல பழக்கம்," என்றார். எந்தச் சமூகம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மாதம் ஒருமுறை காலையில் ஒனிஹங்காவில் ஒரு சமூகக் கூடத்தில் கூடுவோம். ஒரே மேசை என்று பேச்சு. உண்மையில் நான்கு மேசைகளை ஒட்டிப் போட்டிருந்தார்கள். ஒன்றுக்கொன்று உயரம் சரியாக இருக்காது. தலைமை தாங்கியவர் ஓர் அறக்கட்டளையின் இயக்குநர் அம்மா; வெள்ளைக்காரர், சிரித்த முகம். பள்ளி ஆலோசகர்கள் சார்பில் அக்கா; அவர் பள்ளியிலிருந்தே துணை முதல்வர் ஒருவரும் வருவார். போலீஸ் சார்பில் ஒரு கான்ஸ்டபிள், சுகாதாரத் துறையிலிருந்து ஒரு செவிலியர், தொலைபேசிக்கு நான். இவர்களோடு, புலம்பெயர்ந்தோர் அனைவருக்குமாகச் சேர்த்து எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர். சீனர்களுக்கும் சமோவாக்காரர்களுக்கும் அவர்தான் பிரதிநிதி என்பதை அவரே நம்பியிருக்க மாட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வு பெற்ற கணக்காளர், நல்ல மனிதர். ஆக்லாந்தில் ஒரு தமிழர் வீட்டில் சாவு என்றால் முதல் கார் அவருடையதாகத்தான் இருக்கும். ஆஸ்பத்திரியில் யாராவது படுத்திருந்தால் அவர் மனைவியின் சோற்றுப் பெட்டி மாலையில் போய்ச் சேர்ந்துவிடும். நான் ஜுரத்தில் கிடந்தபோது எனக்கும் வந்திருக்கிறது.

ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். நாங்கள் எல்லோரும் வடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றோம், இழுக்கத்தான் யாரும் முன்வரவில்லை. முதல் சில கூட்டங்கள் குழுவுக்குப் பெயர் வைப்பதில் போயின. அடுத்த சில சின்னம் வரைவதில் போயின. பள்ளிக்கூடம், மணி அடித்த பிறகு நடப்பதற்குத் தான் பொறுப்பில்லை என்றது. மிரட்டல் இருந்தால்தான் குற்றம் என்றது போலீஸ். பிள்ளையின் கோப்பைப் பிறரிடம் காட்ட முடியாது என்றது சுகாதாரம். நாங்கள் வெறும் குழாய், அதில் ஓடுவது எங்கள் தண்ணீர் அல்ல என்று நிறுவனம் எழுதிக் கொடுத்ததை நான் வாசித்தேன். பிள்ளைகளைக் கோயிலுக்குக் கூட்டி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார் சங்கத் தலைவர். அக்கா மட்டும் கூட்டத்துக்குக் கூட்டம் ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு பிள்ளை எங்கள் ஏழு பேரில் யாரிடம் வந்து சொன்னாலும் அது மற்ற ஆறு பேரிடமும் சொன்னதாக ஆக வேண்டும். கதவு கதவாக ஏறி அதே கதையைச் சொல்ல வைக்கக் கூடாது. கூட்டம் முடிந்து வண்டி நிறுத்துமிடத்துக்கு நடக்கும்போது என்னிடம் சொல்வார்: "பிள்ளை ஒரு தடவதான் நெசமா சொல்லும் தம்பி. ரெண்டாவது தடவ சொல்லச் சொன்னா, யாருக்கு எது பிடிக்குமோ அதச் சொல்லக் கத்துக்கும். அப்புறம் நம்ம அதுகிட்ட போகவே முடியாது லா."

அந்தச் சமயத்தில்தான் ஒரு பெண் அவரிடம் வந்தாள். பதினைந்து வயதிருக்கும். இங்கேயே பிறந்தவள், யாழ்ப்பாணத்துப் பெற்றோர். சின்ன வயதிலிருந்து பரதம் ஆடுகிறவள். அரங்கேற்றத்துக்கு மண்டபம் பிடித்து, அழைப்பிதழ் அடித்து, ஊரெல்லாம் கொடுத்தாகிவிட்டது. ஒத்திகையை யாரோ போனில் எடுத்திருக்கிறார்கள். அதிலிருந்து அவள் முகத்தை மட்டும் வெட்டி, கோபம் காட்டுகிற ஒரு நொடி, வெட்கப்படுகிற ஒரு நொடி என்று துண்டு துண்டாக்கி, திரும்பத் திரும்ப ஓடும்படி செய்துவிட்டார்கள். வகுப்பில் யாராவது யாரையாவது கிண்டல் செய்ய வேண்டுமென்றால், வீட்டுப்பாடம் செய்யவில்லை என்று சொல்ல வேண்டுமென்றால்கூட, அவள் முகத்தை அனுப்புவார்கள். பிறகு வேறு பள்ளிப் பிள்ளைகளும் அனுப்பினார்கள். அவளை நேரில் பார்க்காதவர்களுக்கும் அவள் முகம் தெரிந்துபோனது. பேருந்தில் ஏறினால் ஒருவன் கண்ணை உருட்டிக் காட்டுவான், பின் இருக்கை முழுக்கச் சிரிக்கும். வருடக்கணக்காகக் கண்ணாடி முன் நின்று பழகிய முகபாவங்களை அவள் கண்ணாடியில் பார்ப்பதையே நிறுத்திவிட்டாள். வீட்டில் என்ன சொல்வது? முழங்கால் வலி என்றாள். அரங்கேற்றம் நின்றது.

அந்த முழங்கால் அப்புறம் ஆக்லாந்துத் தமிழர்களின் பொதுச் சொத்தானது. அழைப்பிதழ் எங்கள் வீட்டுக்கும் வந்திருந்ததால் எனக்குத் தெரியும். கேரளத்துத் தைலம் ஒருவர் கொடுத்தார், ஒத்தடம் கொடுக்கும் பக்குவம் ஒருவர் சொன்னார், பிசியோதெரபிஸ்ட் பெயரை மூன்று பேர் சொன்னார்கள். சங்கத் தலைவரின் மனைவி பிரண்டையைத் தேடி நகரத்தின் ஒரு கோடிக்குப் போய் வந்தார். டாக்டர் படம் எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லை என்று சொன்னதாலேயே ஏதோ பெரிதாக இருக்குமோ என்று அம்மா பயந்தார். இவ்வளவு பேர் ஒரு காலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பிள்ளையை யாரும் பார்க்கவில்லை. அந்தப் பெண் உண்மையைச் சொன்னது ஒரே ஒருவரிடம்தான். பல நாள் அக்காவின் அறைக்கு வந்து ஊமையாக உட்கார்ந்திருந்து, ஒரு நாள் சொன்னாள். இழுப்பறை அன்றைக்கு அரை மணி நேரம் திறந்தே கிடந்ததாம்.

அக்கா அதன் பிறகு எங்கள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக வந்தார். பெயர் சொல்லவில்லை, ஒரு பிள்ளை என்றுதான் சொன்னார். துணை முதல்வர் மணி அடித்த பிறகு என்றார். கான்ஸ்டபிள் மிரட்டல் இல்லையே என்றார். நான் எங்கள் அலுவலகத்தில் மேலே எழுதினேன். மேலே இருந்தவர் குழாய் என்று பதில் எழுதினார். காணொளி இருந்த தளத்துக்குப் புகார் அனுப்பினால் இயந்திரம் நன்றி சொல்லும். கிணற்றில் போட்ட கல்தான். அங்கே அந்தத் துண்டுகள் ஓடிக்கொண்டே இருந்தன. அக்கா இயக்குநர் அம்மாவிடம் போய் அழாத குறையாகப் பேசினார். அந்த அம்மாதான் வழி சொன்னார்: பெயரை எடுத்துவிட்டு மேசையில் வைத்துப் பேசுங்கள், ஒரு உண்மைக் கதையைக் கேட்டால் எல்லாத் துறைகளும் அசையும். பொய்யில்லை, அது நல்ல யோசனைதான். எந்தப் பயிற்சி வகுப்பிலும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

அக்கா அவசரப்படவில்லை. அந்தப் பெண்ணிடம் கேட்டார். உன் பெயரோ வகுப்போ சொல்ல மாட்டேன், உன்னுடையது என்று யாருக்கும் தெரியாது, பேசட்டுமா என்றார். அவள் யோசித்துவிட்டு, பெயர் சொல்லாவிட்டால் சரி மிஸ் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அக்கா வயதை மாற்றினார். பள்ளியை மாற்றினார். தமிழ் என்பதை எடுத்தார், பரதம் என்பதை எடுத்தார்; மேடை நிகழ்ச்சி ஒன்றுக்குப் பல வருடம் தயாரான ஒரு பெண் என்று வைத்துக்கொண்டார். ஆனால் முழங்காலை எடுக்கவில்லை. எடுத்தால் செவிலியருக்குச் சொல்ல ஒன்றுமே இருக்காது. ஒன்றுமில்லாத காலை ஒரு டாக்டரும் ஒரு பிசியோதெரபிஸ்டும் மாதக்கணக்கில் பார்த்திருக்கிறார்கள், ஏன் வலிக்கிறது என்று ஒருவரும் பிள்ளையைத் தனியாகக் கேட்கவில்லை என்பதுதானே சுகாதாரத் துறைக்கு உறைக்க வேண்டிய இடம். அக்கா எங்கள் விழாக்களுக்கு வந்திருந்தால் தெரிந்திருக்கும். அந்த அழைப்பிதழ் எத்தனை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிகளில் ஒட்டியிருந்தது, அந்தக் கால் எத்தனை வீடுகளில் பேசப்பட்டது என்பது அவருக்குத் தெரியாது.

அன்றைக்கு அக்கா பேசியது போல் அந்த மேசையில் யாரும் பேசியதில்லை. குரலை உயர்த்தவில்லை. தாள் எதுவும் கையில் இல்லை. பேருந்துப் பின் இருக்கையைப் பற்றிச் சொன்னபோது கான்ஸ்டபிள் பேனாவை வைத்துவிட்டார். முழங்கால் வந்ததும் செவிலியர் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு யாரென்று தெரிந்துவிட்டது. எதிரே சங்கத் தலைவரைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரர்களுக்கு அது ஒரு பெண்ணின் கதை. எங்கள் இரண்டு பேருக்கும் அது வீட்டு விலாசத்தோடு வந்த கதை.

வேடிக்கை என்னவென்றால், மேசை அசைந்தது. உண்மையாகவே அசைந்தது. துணை முதல்வர் முகம் சிவந்து எழுந்தார். அது தன் பள்ளிதான் என்று ஊகித்திருப்பார் போலிருக்கிறது. மறுநாளே அந்தத் துண்டுகளை அனுப்பிய பிள்ளைகளின் பெற்றோரை வரவழைத்தார், மணி அடித்த பிறகு நடந்தது என்று சொல்லவில்லை. கான்ஸ்டபிள் சீருடை இல்லாமல் அந்தப் பிள்ளைகளில் இரண்டு பேர் வீடுகளுக்குப் போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்தார். எங்கள் மேலாளருக்கு அந்தத் தளத்தில் வேலை செய்யும் ஒருவரைத் தெரியும் என்பது திடீரென்று நினைவுக்கு வந்தது. அந்த வாரத்துக்குள் துண்டுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. அக்கா எனக்கு ஃபோன் செய்து சிரித்தார். அவர் சிரித்து நான் முதல்முதலாகக் கேட்டது அப்போதுதான். "பாத்தீங்களா தம்பி, எல்லாருக்கும் கை இருக்கு. இவ்வளவு நாளா பாக்கெட்ல வெச்சிருந்தாங்க," என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கத் தலைவரும் அவர் மனைவியும் ஆப்பிளும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் வாங்கிக்கொண்டு அந்தப் பெண்ணின் வீட்டுக்கு விசாரிக்கப் போனார்கள்.

நம் ஆட்களுக்கு அது தவறாகவே தெரியாது. ஒரு வீட்டில் கஷ்டம் என்று காதில் விழுந்தால் போய் நிற்க வேண்டும். வெறுங்கையோடு போகக் கூடாது. கேள்விப்பட்டோம், மனசு கேட்கவில்லை என்று சொல்ல வேண்டும். போகாதவனைத்தான் ஊர் பேசும். தகப்பனார் வாசலில் கார் கழுவிக்கொண்டிருந்திருக்கிறார். உள்ளே அழைத்து உட்கார வைத்தார். தேநீர் வந்தது. தலைவரின் மனைவி அந்தப் பெண்ணின் அம்மாவுடைய கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளையின்ர முகத்தை வச்சுப் பகிடி பண்ணினவங்களாமே, கேள்விப்பட்டதில இருந்து எனக்கு நித்திரை இல்லை. கால் நோ எண்டு சொல்லிக்கொண்டு எவ்வளவத்தைத் தாங்கிச்சுதோ பிள்ளை," என்று அழுதிருக்கிறார். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "என்ர பிள்ளையின்ர விசயம் எனக்குத் தெரிய முதல் உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டாராம். தலைவர் பொய் சொல்லத் தெரியாதவர். ஒனிஹங்காவில் கூட்டம் என்றார், போலீசும் வந்திருந்தது என்றார், பள்ளிக்கூட மிஸ் நன்றாகப் பேசினார் என்றார். ஆறுதலுக்காகத்தான் சொன்னார். மாடிப்படியில் அந்தப் பெண் நின்றிருந்ததை எல்லோரும் அப்புறம்தான் பார்த்தார்கள். கீழே இறங்கி வந்து பெரியவர்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு மறுபடி மேலே போய்விட்டாளாம்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது சங்கத் தலைவரேதான். சில வாரம் கழித்துக் கோயில் அன்னதானத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். இலையில் கை வைக்கவில்லை. "விசாரிக்கத்தானே தம்பி போனனாங்கள். பேர் ஒருத்தரும் சொல்லேல்லைத்தான், ஆனா எங்களுக்குத் தெரியாதே? இந்த வருசம் கால் நோவெண்டு நிண்ட அரங்கேற்றம் ஒண்டுதானே. தெரிஞ்சுகொண்டு தெரியாத மாதிரி இருக்கிறது எப்பிடி? செத்த வீட்டுக்கு மட்டுமோ போறது?" என்றார். எனக்குக் கோபமாக வந்தது. ஓங்கி ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆனால் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தால் சொல்ல வரவில்லை. தான் செய்தது என்ன என்று அவருக்குக் கடைசிவரை புரியவில்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். பொல்லாத வாயை ஒருவேளை மூடிவிடலாம், இரக்கப்படும் வாயை என்ன செய்வது?

தகப்பனார் பள்ளிக்குப் போனார். சத்தம் போடவில்லையாம், போட்டிருந்தால் தேவலை என்றார் அக்கா. "என் மகள் உங்களிடம் வந்தாள். நீங்கள் அவளைக் கொண்டுபோய் ஒரு மேசையில் வைத்தீர்கள்," என்று நல்ல ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, மகளை இனி அந்த அறைக்கு அனுப்பக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். போனை வீட்டில் பிடுங்கி வைத்தார்கள். மறைந்துபோன துண்டுகளை மறைந்துபோன பிறகுதான் அப்பாவும் அம்மாவும் பார்க்கத் துடித்தார்கள். யார் யார் பார்த்தார்கள், நம்மவர்களில் யார் பார்த்தார்கள் என்று வீட்டில் தினமும் அதே பேச்சு. பேருந்தில் சிரித்தவர்கள் நிறுத்தியிருந்தார்கள். கோயிலில் பார்த்தவர்கள் இரக்கப்படத் தொடங்கினார்கள். அந்தப் பெண்ணுக்கு எது தாங்க முடியாததாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் பெற்றோர் மகளைக் கோயிலுக்குக் கூட்டி வருவதையும் நிறுத்திவிட்டார்கள்.

வருடக் கடைசியில், மெல்போர்னுக்குக் குடிபெயரும் முன், அவள் ஒரே ஒரு தடவை அக்காவின் கதவருகே வந்தாள். அப்பா எழுதிக் கொடுத்ததை மீறி அக்கா எழுந்து, உள்ளே வா என்றார். அவள் வரவில்லை. வெளியிலேயே நின்றாள். எப்படி இருக்கிறாய் என்று அக்கா கேட்டதற்கு, சிரித்துக்கொண்டே, "முழங்கால் இப்போ பரவாயில்லை மிஸ்," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனாள். ஊருக்கெல்லாம் சொன்ன பொய்யை அவரிடமும் சொல்லிவிட்டாள். அக்கா இதை என்னிடம் சொன்னது அவர் காரில் உட்கார்ந்திருந்தபோது. அழவில்லை. அழுதிருந்தால் எனக்கும் ஏதாவது சொல்ல வந்திருக்கும்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அலுவலகக் காரியம். பள்ளி விசாரித்தது; பெயர் சொல்லவில்லை, அனுமதி வாங்கியிருக்கிறார், விதி எதையும் மீறவில்லை என்று முடித்தது. விதிப்படி அவர் சுத்தம். ஆனால் பிள்ளைகள் விதியைப் படிப்பதில்லை. மிஸ்ஸிடம் சொன்னால் வீட்டுக்கு வந்துவிடும் என்று ஒரே வாரத்தில் பள்ளி முழுக்கப் பரவியது, போனில்தான். அறைக்கு வெளியே போட்டிருந்த நாற்காலிகளில் யாரும் உட்காரவில்லை. அக்கா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பருவம் முழுக்க உட்கார்ந்திருந்தார். வெட்டப்படாத கேக் கடையில் காய்வதைப் போல இருக்கு தம்பி என்று தன்னையே கேலி செய்துகொண்டார். பிறகு வேலையை விட்டார்.

மேசை நிற்கவில்லை. பெயர் முடிவானது, சின்னமும் முடிவானது, தொடக்க விழா வைத்தார்கள். சமோசாவும் சாசேஜ் ரோலும் இருந்தன. இயக்குநர் அம்மா மேடையில் பேசும்போது, துறைகள் ஒன்று சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் உண்மைச் சம்பவம் என்று தொடங்கினார். பெயர் சொல்லவில்லை. திரையில் ஒரு பெண் ஆடுகிற நிழல் படம். ஒரே வாரத்தில் எல்லாம் நீக்கப்பட்டது என்றதும் கூடம் கை தட்டியது. முன் வரிசையில் சங்கத் தலைவரும் தட்டினார், எங்கேயோ பார்த்துக்கொண்டு. இயக்குநர் அம்மா சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதுதான் என்னை அங்கே உட்கார விடவில்லை. எழுந்து வெளியே போய் மனுக்காவ் துறைமுகத்துச் சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீர் வற்றிய நேரம். அடுத்த மாதத்திலிருந்து நிறுவனம் வேறொருவரை அனுப்பியது. அவரும் குழாய் என்றுதான் வாசித்திருப்பார்.

யாராவது ஒருவர் கெட்டவராக இருந்திருந்தால் இந்த நினைவு இவ்வளவு வலிக்காது என்று பல தடவை நினைத்திருக்கிறேன். எல்லோரும் நல்லவர்கள். மேசையும் தன் வேலையைச் செய்தது, ஊரும் தன் வேலையைச் செய்தது. இரண்டுக்கும் நடுவில் இருந்தது ஒரு பிள்ளை ஒருவரிடம் ஒரு தடவை வாய் திறந்த அந்த அறை. அதுதான் போயிற்று. சட்டம், திட்டம், நிதி எல்லாம் அதன் பிறகு எவ்வளவோ வந்துவிட்டன. அப்படி ஓர் அறையை மறுபடி கட்ட முடியும் என்று யாராவது சொன்னால், மரியாதைக்குத் தலையை ஆட்டுவேன். எனக்கு நம்பிக்கை இல்லை.

அதற்குப் பிறகு பத்தாண்டு முடியும் தறுவாயில், பக்குரங்கா பிளாசா கடைத்தொகுதியில் அக்காவைப் பார்த்தேன். பழம் வாங்கிக்கொண்டிருந்தார். முடியைக் கத்தரித்திருந்தார், இளைத்திருந்தார். முதியோர் இல்லம் ஒன்றில் அலுவலக வேலை என்றார். "நல்லா இருக்கு லா. அங்க யாராச்சும் ரகசியம் சொன்னாலும் மறுநாள் அவங்களே மறந்துடுவாங்க," என்று சிரித்தார். என் மகளைக் கேட்டார். மேசைக் காலத்தில் கையில் தூக்கிக்கொண்டு திரிந்த குழந்தை, இப்போது உயர்நிலைப் பள்ளி சேரப் போகிறாள் என்றேன். அவள் வெளியே காரில்தான் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நாளாக அவள் எங்களோடு சாப்பிட உட்காருவதில்லை. போனைக் கவிழ்த்தே வைக்கிறாள். சிரித்தால் முகத்தில் பாதிதான் சிரிக்கிறது. அதை யாரிடம் கேட்பது என்று தவித்துக்கொண்டிருந்தவனுக்குத் தெய்வமே எதிரில் வந்தது போலிருந்தது. "அக்கா, என் பொண்ணு கொஞ்ச நாளா," என்று ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தினார். "வேணாம் தம்பி. எங்கிட்ட சொல்லாதீங்க." கோபமே இல்லை அந்தக் குரலில். சுற்றி ஒருமுறை பார்த்தார், நம்மவர்கள் யாராவது நிற்கிறார்களா என்று. பிறகு பையை எடுத்துக்கொண்டு, வீட்டில் கேட்டதாகச் சொல்லச் சொல்லிவிட்டுப் போனார்.

காரில் ஏறினேன். யார் அது என்று மகள் ஆங்கிலத்தில் கேட்டாள். பள்ளிக்கூடத்தில் ஆலோசகராக இருந்தவர் என்றேன். நெடுஞ்சாலைச் சிக்னலில் சிவப்பு விழுந்தபோது, கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி, "அப்பா, ஒண்ணு சொன்னா யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்களா? அம்மாகிட்டகூட?" என்றாள். தமிழில் கேட்டாள், அவள் தமிழில் கேட்டு எவ்வளவோ நாளாயிற்று. சொல்ல மாட்டேன் என்று ஒரு வார்த்தைதான். அதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி, நாளை இவள் உயிருக்கே ஆபத்து என்றால் என்ன செய்வேன், யாரிடம் ஓடுவேன், ஓடினால் அது எந்த வாசலில் போய் முடியும் என்று மனசு ஓடியது. அத்தனை கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் கேள்விக்குப் பதில் அங்கே யாரும் பேசவில்லை. பச்சை விழுந்தது. பின்னாலிருந்தவர் ஹாரன் அடித்தார்.

"நெவர் மைண்ட், அப்பா," என்றாள்.